கண்ணாடியில் ஒரு பிழை: நவீன ஐரோப்பிய ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி

லண்டன் கோர்ட்டால்டு காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மானே 1882இல் வரைந்த ‘ஃபோலி-பெர்ஷேரில் ஒரு மதுக்கூடம்’ இருக்கிறது. ஃபோலி-பெர்ஷேர் பாரிஸின் ஒரு கேளிக்கை அரங்கு. பளிங்கு மேடைக்குப் பின்னால் ஒரு பணிப்பெண் நிற்கிறாள். மேடைமீது ஷாம்பேன் புட்டிகள், சிவப்பு முக்கோணச் சின்னம் ஒட்டிய பாஸ் பீர், கண்ணாடிக் கிண்ணத்தில் கமலாப்பழங்கள், சின்னக் குவளையில் ரோஜாக்கள். அவளுக்குப் பின்னால் தெரியும் கூட்டமும் சரவிளக்கும் நேரில் தெரிபவை அல்ல. சுவரை அடைத்து நிற்கும் பெரிய நிலைக்கண்ணாடியில் விழுந்த பிம்பம் அது. இடது மேல் மூலையில் பச்சைக் காலணி போட்ட இரண்டு கால்கள் மட்டும் தொங்குகின்றன. அந்தரத்தில் ஊஞ்சல் வித்தை காட்டும் யாரோ ஒருவருடைய கால்கள்.

இப்போது அந்தப் பெண்ணின் முதுகு கண்ணாடியில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். அவள் நம்மை நேராகப் பார்த்து நிற்கிறாள். கண்ணாடி அவளுக்கு நேர் பின்னால் இருக்கிறது. அப்படியானால் முதுகின் பிம்பம் அவள் உடம்புக்குப் பின்னால் மறைந்துபோக வேண்டும். மானேயோ அதை வலப்புறம் வெகுதூரம் தள்ளி வைத்திருக்கிறார். போதாததற்கு, பிம்பத்தில் தொப்பி போட்ட ஒருவர் அவள் முகத்துக்கு மிக அருகில் நிற்கிறார். கண்ணாடியில் அவ்வளவு நெருக்கத்தில் தெரிபவர் மேடைக்கு இந்தப் பக்கம், நமக்கு முன்னால் நின்று பார்வையை மறைத்திருக்க வேண்டும். ஆளைக் காணோம். அந்த ஆண்டே ஒரு கேலிச்சித்திரக்காரர், விடுபட்ட அந்த மனிதரைத் தானே முன்னால் வரைந்து மானேயைத் ‘திருத்தி’ வெளியிட்டார்.

மானேவுக்குக் கண்ணாடி வரையத் தெரியவில்லையா? படத்தை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. பிம்பத்தை முதலில் பெண்ணுக்கு அருகிலேயே வரைந்திருக்கிறார். பிறகு படிப்படியாக வலப்புறம் நகர்த்தியிருக்கிறார். அதாவது ‘சரி’யாக இருந்ததை வேண்டுமென்றே ‘தப்பு’ ஆக்கியிருக்கிறார்.

நவீன ஓவியத்தைப் படிப்பதற்கான சாவி இங்கேதான் கிடைக்கிறது. “இது என்ன?” என்று கேட்டால் பாதி ஓவியங்கள் பதில் சொல்லாது. “இவர் எந்த விதியை விட்டுக்கொடுத்திருக்கிறார், அதற்குப் பதிலாக என்ன பெற்றார்?” என்று கேட்டுப் பாருங்கள். மானே விட்டது ஒளியியல் விதி. பெற்றது இரண்டு பெண்கள். நேரில் தெரிபவள் நிமிர்ந்து, எங்கோ நினைவாக, யாரிடமும் ஒட்டாமல் நிற்கிறாள். கண்ணாடியில் தெரிபவள் வாடிக்கையாளரிடம் சாய்ந்து பேசுகிறாள். வேலை நேரத்து முகமும் உள்முகமும் ஒரே சட்டகத்தில் வந்துவிட்டன. தொப்பிக்காரர் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்பது நாம்.

இதற்கு மாற்று விளக்கமும் உண்டு. இதே அமைப்பைச் செட் போட்டுப் புகைப்படம் எடுத்துப் பார்த்தவர்கள், பார்ப்பவர் நடுவில் இல்லாமல் வலப்புறம் ஒதுங்கி நிற்பதாகக் கொண்டால் பிம்பம் ஏறக்குறைய சரியாகவே வரும் என்று காட்டினார்கள். அப்படிப் பார்த்தால் தொப்பிக்காரரும் அவளும் பேசிக்கொள்ளவே இல்லை என்றாகிறது. இரண்டு விளக்கங்களும் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு விவரத்திலிருந்து தொடங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். அப்படித் தொடங்காத விளக்கத்தை நம்ப வேண்டியதில்லை.

உடைந்தவை எவை?

பதினைந்தாம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸிலிருந்து ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு சட்டத் தொகுப்பையே கட்டி வைத்திருந்தார்கள். காட்சி முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரே கண்ணுக்குத் தெரிவதுபோல் இருக்க வேண்டும். தூரம் போகப் போகக் கோடுகள் ஒரு புள்ளியில் குவிய வேண்டும். உருண்டையான பொருளை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறக்கி உருட்டிக் காட்ட வேண்டும். தூரிகைத் தடம் தெரியாமல் மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். புராணம், வரலாறு போன்ற பெரிய விஷயங்களுக்கே பெரிய கித்தான். பாரிஸில் நடந்த ‘சலோன்’ என்ற அதிகாரபூர்வ கண்காட்சியின் நடுவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் படங்களை உள்ளே விட்டார்கள்.

1839இல் புகைப்படக்கலை பொதுவெளிக்கு வந்ததும் தத்ரூபம் மலிவாகிவிட்டது. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்து விற்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குத்தித் திறந்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். குழாய் வந்த பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்தே ஓர் எண்ணெய் ஓவியத்தை முடிக்க முடிந்தது.

இந்த இடத்தில் இம்ப்ரெஷனிசம், ஃபாவிசம், க்யூபிசம் என்று பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவது வழக்கம். அதில் அவ்வளவு பயன் இல்லை. மூன்றுமே விமர்சகர்கள் நக்கலாகச் சொன்ன சொற்களிலிருந்து ஒட்டிக்கொண்டவை. எந்த விதி உடைந்தது என்று தெரிந்தால் பெயர் தானாக நினைவில் நிற்கும்.

கைபேசியில் ஒரு சோதனை

குளோது மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ ல ஆவ்ர் துறைமுகத்தின் காலைக் காட்சி. 1872 என்று படத்திலேயே தேதி இருக்கிறது. பாரிஸின் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் உள்ளது. 1874இல் நண்பர்கள் சேர்ந்து சலோனுக்கு வெளியே நடத்திய கண்காட்சிக்குப் பட்டியல் தயாரித்தபோது பெயர் கேட்டார்கள். ஊரின் காட்சி என்று சொல்லும் அளவுக்குப் படத்தில் ஊர் இல்லையே என்றுதான் மோனே ‘இம்ப்ரெஷன்’ என்று போடச் சொன்னார்.

இந்தப் படத்தின் நல்ல நகல் ஒன்றைக் கைபேசியில் இறக்கி, நிறச்செறிவை (saturation) பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘நுவார்’ போன்ற ஆயத்த ஃபில்டர்கள் வேண்டாம். அவை கறுப்பு-வெள்ளை வேறுபாட்டைத் தாமாகவே கூட்டிச் சோதனையைக் கெடுத்துவிடும். நிறம் போனதும் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் வெளிச்ச அளவும் ஆரஞ்சுச் சூரியனின் வெளிச்ச அளவும் ஏறக்குறைய ஒன்று. நிஜச் சூரியன் வானத்தைவிட எத்தனையோ மடங்கு பிரகாசமானது. மோனே பிரகாசத்தை விட்டுவிட்டு நிறத்தால் மட்டும் சூரியனைக் காட்டியிருக்கிறார்.

கிடைத்தது என்ன? ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை நம் மூளை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே கணிக்கிறது. இங்கே நிறம் “சூரியன் இருக்கிறது” என்கிறது. வெளிச்சம் “அங்கே ஒன்றும் இல்லை” என்கிறது. இந்த இழுபறியில் சூரியன் நிலைகொள்ளாமல் துடிப்பதுபோல் தோன்றுகிறது. நகலை வெளியிட்டவர் சூரியன் பளிச்சென்று தெரியட்டுமே என்று திருத்தியிருந்தால் இந்த விளைவு செத்துவிடும். ஒரே ஓவியத்தின் இரண்டு மூன்று நகல்களை ஒப்பிட்டு, முடிந்தால் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நகலில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள்: அளவு. விவரச்சீட்டில் 48 × 63 செ.மீ. என்றிருந்தால் முதல் எண் உயரம், அடுத்தது அகலம். மோனேயின் இந்தப் படம் விரித்துப் பிடித்த நாளிதழைவிடச் சற்றுச் சிறியது. பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ ஏறக்குறைய 349 × 777 செ.மீ.; பத்தடி உயர அறைக்குள் அதை நிமிர்த்தி வைக்கவே முடியாது. கைபேசியில் இரண்டும் உள்ளங்கை அளவுதான். சுவரில் சாக்பீஸால் அளவைக் குறித்துவிட்டுத் திரையைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நேரில் பார்க்க வாய்த்தால், தூரிகைத் தடம் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு ஒருமுறை நெருங்குங்கள். பிறகு படத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு பின்னால் போங்கள். எந்தத் தூரத்தில் தடங்கள் சேர்ந்து பொருளாகின்றனவோ அதுதான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய தூரம்.

செஸானின் சாய்ந்த மேசை

பால் செஸானின் ‘ஆப்பிள் கூடை’ சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ளது. சுமார் 1893ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 65 × 80 செ.மீ. மேசை, கசங்கிய வெள்ளைத் துணி, கவிழப்போவதுபோல் சாய்ந்த கூடை, ஒரு புட்டி, தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகள். முதல் பார்வைக்கு ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு தாளை எடுத்துப் படத்தின் நடுவே உள்ள துணியை மறையுங்கள். இடப்பக்கம் தெரியும் மேசை விளிம்பையும் வலப்பக்கம் தெரியும் விளிம்பையும் மனத்துக்குள் நீட்டிப் பாருங்கள். சேராது, இரண்டு வேறு மேசைகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். புட்டி ஒரு பக்கம் சாய்கிறது, அதன் இரு தோள்களும் ஒரே மாதிரி இல்லை. பிஸ்கட்டுகளில் கீழ் அடுக்கைப் பக்கத்திலிருந்தும் மேல் அடுக்கைச் சற்று மேலிருந்தும் பார்க்கிறோம்.

செஸான் விட்டது ‘ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒரே கண்’ என்ற விதியை. உண்மையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தலை அசைகிறது, கண் தாவுகிறது, கூடையைப் பார்க்கும்போது ஒரு கோணம், தட்டுக்கு வரும்போது வேறொன்று. அந்தப் பார்வைகளையெல்லாம் ஒரே பரப்பில் சேர்த்துக் கட்டியிருக்கிறார். சேராத விளிம்புகளைத் துணி மறைப்பதும் தற்செயல் அல்ல. துணியை எடுத்துவிட்டால் மேசை சரிந்துவிடும்.

ஆப்பிள்களையும் நெருங்கிப் பாருங்கள். உருண்டையைக் காட்டப் பழுப்பு நிழல் அடித்துக் கறுப்பாக்கவில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று சிறு சிறு பட்டைகளாக நிறம் மாறுகிறது. சூடான நிறங்கள் முன்வருவதுபோலவும் குளிர்ந்தவை பின்வாங்குவதுபோலவும் கண்ணுக்குத் தோன்றும்; அந்தத் தோற்றத்தை வைத்தே பழத்தை உருட்டிவிடுகிறார்.

இப்படி ஒவ்வொரு பட்டையையும் பக்கத்துப் பட்டையோடு ஒப்பிட்டு வைப்பதால் வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். 1899இல் கலை வணிகர் ஆம்ப்ருவாஸ் வொல்லாரை உட்கார வைத்து உருவப்படம் வரைந்தார். வொல்லார் எழுதிவைத்த கணக்குப்படி 115 அமர்வுகள். ஒருநாள் தூங்கி விழுந்தவரை, “ஆப்பிள் அசையுமா?” என்று திட்டினாராம். கடைசியில், சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லாமல் வந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வாழ்க்கை வரலாறு என்னும் பள்ளம்

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் வின்சென்ட் வான்கோ. காதை அறுத்துக்கொண்டார், மனநோய் விடுதியில் இருந்தார், தற்கொலை என்ற மூன்று தகவலோடு வருகிறவருக்கு எல்லாப் படமும் பித்தாகத்தான் தெரியும்.

‘படுக்கையறை’யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வடிவம் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் உள்ளது. சுவர்கள் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன, தரை நம் பக்கம் சரிகிறது, எதற்கும் நிழல் இல்லை. ‘கலங்கிய மனம்’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். சரிபாருங்கள். படம் வரைந்தது 1888 அக்டோபர், ஆர்ல் நகரில். காது அறுபட்டது அதே ஆண்டு டிசம்பர் 23. அதாவது இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து. அந்த வீட்டு அறையின் பின்சுவரே உண்மையில் கோணலாகக் கட்டப்பட்டது. நிழல்களை எடுத்துவிட்டேன், ஜப்பானிய அச்சுப்படங்களைப் போலத் தட்டையான நிறங்களாகப் பூசியிருக்கிறேன் என்று தம்பி தியோவுக்கு அவரே எழுதினார். பார்ப்பவருக்கு ஓய்வையும் தூக்கத்தையும் நினைவூட்ட வேண்டும் என்பதே நோக்கம் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

கடிதத்தைப் படித்தால் இன்னொரு முரண்பாடு தட்டுப்படும். சுவர் வெளிர் ஊதா, கதவுகள் இளம் ஊதா என்கிறார். நாம் பார்ப்பது நீலம். அவர் பயன்படுத்திய சில சிவப்பு வண்ணப்பொருள்கள் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டன. ஊதாவிலிருந்து சிவப்பு வெளியேறினால் மிஞ்சுவது நீலம்தானே. ஊதாச் சுவரும் மஞ்சள் கட்டிலும் எதிர்நிறங்களாக ஒன்றையொன்று சமன்செய்யும் என்ற கணக்கில்தான் அவர் அமைதியை எதிர்பார்த்தார். நீலச் சுவரைப் பார்த்து “எவ்வளவு குளிர்ந்த தனிமை!” என்று உருகுகிறவர், வேதியியல் மாற்றத்துக்கு உளவியல் விளக்கம் தருகிறார்.

வாழ்க்கை வரலாறு வேண்டாம் என்பதல்ல. வான்கோவின் கடிதங்கள் 800க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றைப்போல் உதவும் ஆவணம் வேறில்லை. வரிசைதான் முக்கியம். முதலில் படம், பிறகு தேதி, பிறகு அவர் சொன்னது, கடைசியில் அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது.

உடைத்துப் போட்ட முகம்

ஓர் எவர்சில்வர் டம்ளரை மேலிருந்து பார்த்தால் வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் நாற்கோணம். டம்ளர் என்று நாம் அறிந்து வைத்திருப்பது இரண்டும் சேர்ந்த ஒன்றை. செஸான் சற்றே அசைத்த கண்ணைப் பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் ஜார்ஜ் பிராக்கும் 1909 வாக்கில் முழுக்க அவிழ்த்துவிட்டார்கள்.

பிக்காசோ 1910இல் வரைந்த ‘டேனியல்-ஹென்றி கான்வைலர்’ உருவப்படம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. முதலில் பழுப்பும் சாம்பலுமாக உடைந்த கண்ணாடிச் சில்லுகள் மட்டுமே தெரியும். முகத்தைத் தேடாதீர்கள், கிடைக்காமல் சோர்ந்துபோவீர்கள். கீழ்நடுவிலிருந்து தொடங்குங்கள்: கோத்து வைத்த இரண்டு கைகள். அங்கிருந்து மேலே வந்தால் கடிகாரச் சங்கிலியின் வளைவு, அதற்கும் மேலே டையின் முடிச்சு, உச்சியில் வாரிவிட்ட தலைமுடியின் அலை. கைகள் மடியில் என்றால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு அந்த அளவில் கூடிவந்த பிறகு முகம் தானாகச் சேரும்.

நிறம் ஏன் இப்படி வற்றிப்போயிற்று? பளிச்சென்ற நிறம் இருந்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், வடிவங்களுக்கிடையே நகராது. சில்லுகளில் பலவற்றுக்கு ஒரு விளிம்பு அழுத்தமாகவும் எதிர்விளிம்பு திறந்தும் இருப்பதைப் பாருங்கள். திறந்த பக்கத்தின் வழியாக ஒரு சில்லு அடுத்ததற்குள் கசிகிறது. அதனால் ஆள் எங்கே முடிகிறார், பின்னணி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. விட்டது நிறத்தையும் உடம்பின் எல்லைக்கோட்டையும். கிடைத்தது ஓர் ஆளைச் சுற்றிவந்து, நினைவில் வைத்து, மீண்டும் பார்த்த காலம் முழுவதும்.

காளை யார்?

ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937 ஏப்ரல் 26 அன்று, கிளர்ச்சித் தளபதி ஃபிராங்கோவுக்கு ஆதரவாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நகரான கெர்னிக்கா மீது குண்டு போட்டன. பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பானியக் கூடத்துக்கு ஒரு சுவரோவியம் வரைந்து தரப் பிக்காசோ ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். மே 1 அன்று முதல் வரைவுகளைத் தொடங்கினார். ஜூனில் படம் முடிந்துவிட்டது. இப்போது மத்ரித்தின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தப் படத்தைப் பார்த்ததும் காளை ஃபாசிசம், குதிரை மக்கள், விளக்கு நம்பிக்கை என்று அகராதிபோலப் பொருள் எழுதிவைப்பது பரவலான பழக்கம். பிக்காசோவே இதில் ஒரே பதிலில் நிற்கவில்லை. 1945இல் ஒரு நேர்காணலில், காளை கொடூரமும் இருளும், ஆனால் ஃபாசிசம் அல்ல, குதிரைதான் மக்கள் என்றார். மற்ற நேரங்களில் காளை காளைதான், குதிரை குதிரைதான் என்று முடித்துக்கொண்டார்.

அகராதியை மூடிவிட்டு, இல்லாதவற்றைக் கணக்கெடுங்கள். விமானம் இல்லை. குண்டு இல்லை. தாக்கியவன் எவனும் இல்லை. இருப்பவர்கள் இறந்த குழந்தையை ஏந்திய தாய், எரியும் வீட்டில் கையை உயர்த்திய பெண், சன்னல் வழியே விளக்கை நீட்டுபவள், உடைந்த வாளோடு விழுந்து கிடப்பவன். நிறமும் இல்லை. பாரிஸில் அந்தச் செய்தி நாளிதழ்களின் கறுப்பு-வெள்ளையில்தான் வந்து சேர்ந்தது. குதிரையின் உடம்பில் உள்ள சிறுசிறு கோடுகள் அச்சிட்ட பத்திகள்போலவே இருக்கின்றன.

இன்னொரு நல்ல துணை உண்டு. புகைப்படக் கலைஞர் தோரா மார் இந்தப் படம் வளர்வதைக் கட்டம் கட்டமாகப் புகைப்படம் எடுத்திருக்கிறார். தொடக்கத்தில் விழுந்து கிடப்பவனின் கை முஷ்டி பிடித்து நடுவில் நிமிர்ந்து நிற்கிறது. அடுத்து அந்த முஷ்டிக்குள் தானியக் கதிர்கள், பின்னால் பெரிய சூரியன். பிறகு கையே போய்விடுகிறது. சூரியன் சுருங்கிக் கண் வடிவமாகி, கடைசியில் உள்ளே ஒரு மின்விளக்கு வருகிறது. ஸ்பானிய மொழியில் மின்விளக்குக்கும் குண்டுக்கும் உள்ள சொற்கள் உறவுடையவை என்று சிலர் சுட்டுவார்கள். அது பொருந்தலாம். ஆனால் முஷ்டியை அழித்தது கண்முன் உள்ள சாட்சி. சுவரொட்டி ஆகிவிடக்கூடிய வெற்றிச் சின்னத்தை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார்.

பொருளே இல்லாதபோது

அரூப ஓவியத்தில் அதே கேள்வியைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோகிறார்கள். காஸிமிர் மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) முதன்முதலாகக் காட்டப்பட்டது. 79.5 செ.மீ. சதுரம், அவ்வளவுதான். அதை மாட்டிய இடம் முக்கியம்: அறையின் மேல் மூலை. ரஷ்ய வீடுகளில் புனிதப் படங்கள் மாட்டும் மூலை அது. இன்று பார்த்தால் கறுப்பு முழுக்க விரிசல். அடியில் ஏற்கெனவே வண்ணப் படங்கள் இருந்தன. அவை காய்ந்து முடிவதற்குள் மேலே கறுப்பைப் பூசியதில் பரப்பு பிளந்தது. விரிசல் வழியாக அடியிலுள்ள நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன.

பீட் மோந்த்ரியன் செங்குத்து, கிடைமட்டக் கோடுகளையும், சிவப்பு, மஞ்சள், நீலத்தோடு கறுப்பு, வெள்ளை, சாம்பலையும் மட்டும் வைத்துக்கொண்டார். அச்சில் வழுவழுப்பாகத் தெரியும் இந்தப் படங்களில்தான் நெருங்கிப் பார்ப்பது அதிகம் பலன் தரும். வெள்ளைகள் ஒரே வெள்ளை அல்ல. சில கோடுகள் விளிம்பைத் தொடாமல் சற்று முன்பே நிற்கும். கோடு விளிம்பைத் தாண்டி வெளியே ஓடுகிறதா, உள்ளேயே நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். படம் திறந்ததா மூடியதா என்பதை அதுவே முடிவு செய்கிறது.

நிபுணர்களும் தவறுவார்கள். வண்ண ஒட்டுத்தாள் பட்டைகளை ஒட்டி மோந்த்ரியன் 1941இல் நியூயார்க்கில் தொடங்கி, முடிக்காமல் விட்ட ‘நியூயார்க் சிட்டி 1’ படம் 1945 முதல் தலைகீழாகவே மாட்டப்பட்டு வந்தது என்று 2022இல் டுசல்டார்ஃப் அருங்காட்சியகம் அறிவித்தது. பட்டைகள் நெருக்கமாக ஓடும் பகுதி மேலே இருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய பணிக்கூடத்தில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்று சான்று. இருந்தும் படத்தைத் திருப்பவில்லை. எண்பது ஆண்டுப் பசை தளர்ந்துவிட்டது. இப்போது புரட்டினால் பட்டைகள் உதிர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.